அதிர்வை அளப்பது எப்படி? கைப்பேசியில் தொடங்கி பேரிங் வரை

"இந்த மோட்டார் ரொம்ப அதிருது" என்று யாராவது சொன்னால், எவ்வளவு என்றுதான் எல்லோரும் உடனே கேட்கிறார்கள். வினாடிக்கு எத்தனை தடவை என்று கேட்பவர் குறைவு. அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல், முதல் கேள்விக்கு வந்த பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பொருள் நடுவிலிருந்து இந்தப் பக்கம் 0.2 மி.மீ., அந்தப் பக்கம் 0.2 மி.மீ. ஆடுகிறது என்று வையுங்கள். வினாடிக்கு 5 தடவை ஆடினால் அதன் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான், கையை வைத்தால் மெல்லத் தள்ளாடுவது தெரியும், அவ்வளவே. அதே 0.2 மி.மீ. வினாடிக்கு 100 தடவை என்றால் முடுக்கம் 8 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 8 மடங்கு. போல்ட் தானாகக் கழலும், வெல்டிங்கில் விரிசல் விழும். ஆட்டத்தின் தூரம் மாறவே இல்லை, அதிர்வெண் மட்டும்தான் மாறியது.

அதனால் முதலில் கொஞ்சம் இயற்பியல். அப்புறம் கைப்பேசி, அதற்கப்புறம் நிஜமான சென்சார்.

ஏன் ஆடுகிறது

ஒரு பொருள் அதிர வேண்டுமென்றால் அதற்கு நிறை வேண்டும், விறைப்பு வேண்டும். வளைத்தாலோ இழுத்தாலோ பழைய இடத்துக்குத் திரும்பத் தள்ளுவது விறைப்பு. இழுத்த தூரத்துக்கு ஏற்ப அந்த விசை கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678-லேயே அச்சில் சொல்லிவிட்டார். திரும்பி வந்த பொருள் நடுவில் நிற்காமல் அந்தப் பக்கம் தாண்டிப் போவதற்குக் காரணம் நிறை. இந்த இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று இழுத்தடிப்பதுதான் அதிர்வு. மூன்றாவதாகத் தணிப்பு என்று ஒன்று உண்டு. அது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக்கித் தின்றுவிடும்.

தட்டிவிட்டுச் சும்மா விட்டால் ஒரு பொருள் தனக்கென்று ஒரு வேகத்தில்தான் ஆடும். அதை இயல்பு அதிர்வெண் என்கிறோம். விறைப்பை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதை 2 × பை (π) ஆல் வகுத்தால் அது கிடைத்துவிடும். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருந்தால் போதும். 1 மி.மீ. தடிமனுள்ள ஸ்கேலை மேசை விளிம்பில் 20 செ.மீ. வெளியே நீட்டி, உள்பக்கத்தை உள்ளங்கையால் இறுக அழுத்திக்கொண்டு, நுனியைக் கீழே வளைத்து விடுங்கள். நுனி மங்கலாகத் தெரியும், சத்தம் அநேகமாக இருக்காது. அங்கே நடப்பது வினாடிக்கு ஏறக்குறைய 20 அலைவு, நம் காதின் கீழ் எல்லையும் அதுதான். இப்போது 10 செ.மீ. மட்டும் வெளியே இருக்கும்படி உள்ளே இழுத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். "ப்ர்ர்ர்" என்று தெளிவாக ஒரு முரல் கேட்கும், அது ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 80 அலைவு. நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் நான்கு மடங்காகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நுனியைக் கொஞ்சமாக வளைத்தாலும் நிறைய வளைத்தாலும் சுருதி மாறாது, சத்தம்தான் கூடும். இயல்பு அதிர்வெண் என்பது பொருளின் குணம், நீங்கள் எவ்வளவு பலமாகத் தட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது இல்லை.

ரப்பர் பேடு அல்லது சுருள்வில் மேல் உட்கார்ந்திருக்கும் எந்தப் பொருளுக்கும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. தன் எடையால் அது எத்தனை மி.மீ. கீழே அமுங்குகிறது என்று பாருங்கள். 15.8-ஐ அந்த மி.மீ. எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் செங்குத்துத் திசையில் இயல்பு அதிர்வெண் ஹெர்ட்ஸில் வந்துவிடும். 1 மி.மீ. அமுங்கினால் 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. என்றால் 8, 25 மி.மீ. என்றால் 3 சொச்சம். எடையும் தெரிய வேண்டாம், சுருள்வில்லின் விவரமும் வேண்டாம். சுருள்வில்லுக்கு இது நன்றாகப் பொருந்தும். ரப்பர் வேகமாக ஆடும்போது கொஞ்சம் விறைத்துக்கொள்ளும் என்பதால் உண்மையான எண் இதைவிடச் சற்று மேலே இருக்கும்.

தணிப்பையும் இதே மாதிரி கருவி இல்லாமல் மதிப்பிடலாம். தட்டியதும் வீச்சு பாதியாகக் குறைய எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி, 0.11-ஐ அதனால் வகுத்தால் தணிப்பு விகிதம். 11 சுற்றில் பாதியானால் 1 சதவீதம். வெறும் இரும்புச் சட்டத்துக்கு இதைவிடக் குறைவாகக்கூட வரும். எதற்கு இந்த எண்? வெளியிலிருந்து தள்ளும் விசையின் அதிர்வெண் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போவதுதான் ஒத்ததிர்வு. அதில் ஆட்டம் எத்தனை மடங்கு பெருகும் என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது: 5 சதவீதத் தணிப்புக்கு 10 மடங்கு, 1 சதவீதத்துக்கு 50 மடங்கு.

ஒத்ததிர்வு என்றாலே பலர் உடனே 1940 நவம்பரில் அமெரிக்காவில் இடிந்த டகோமா பாலத்துக்குப் போய்விடுகிறார்கள். அது காற்றும் பாலத்தின் முறுக்கலும் ஒன்றுக்கொன்று தீனி போட்டுப் பெருகிய வேறு வகைச் சிக்கல், எளிய ஒத்ததிர்வுக்கு நல்ல உதாரணம் இல்லை. அதைவிட நல்ல உதாரணம் வாஷிங் மெஷின். துணி பிழியத் தொடங்கும்போது, வேகம் கூடிக்கொண்டு வருகையில், ஒரு கட்டத்தில் தொட்டி தடதடவென்று ஆடுகிறது, அப்புறம் வேகம் இன்னும் ஏறியதும் அடங்கிவிடுகிறது. உள்ளே ஒருபக்கம் ஒதுங்கிய ஈரத்துணி 500 கிராம், மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்தால், நிமிடத்துக்கு 1200 சுற்றில் அது தொட்டியை இழுக்கும் விசை ஏறக்குறைய 1580 நியூட்டன், அதாவது 160 கிலோ எடை ஒவ்வொரு சுற்றிலும் திசை மாற்றி மாற்றி இழுப்பதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அப்படியிருக்க, வேகம் ஏறிய பிறகு ஏன் அடங்குகிறது?

ஏனென்றால் தொட்டி சுருள்வில்களில் தொங்குகிறது, அதன் இயல்பு அதிர்வெண் வெறும் சில ஹெர்ட்ஸ். சுழற்சி வேகம் அதைக் கடக்கும் நேரத்தில்தான் அந்தத் தடதடப்பு. கடந்துவிட்டால், தொட்டி விசைக்கு நேர் எதிர்த் திசையில் நகர ஆரம்பிக்கும், அதன் ஆட்டத்தைச் சுருள்வில்லை விட நிறைதான் தீர்மானிக்கும். தொங்கும் மொத்த நிறை 40 கிலோ என்றால் ஆட்டம் நடுவிலிருந்து 2.5 மி.மீ. அளவில் நின்றுவிடும், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சரி. தொட்டியோடு கான்கிரீட் கட்டிகளை வைத்துக் கட்டியிருப்பது இதற்காகத்தான். இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: இயங்கும் அதிர்வெண், தாங்கியின் இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.41 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் பேடு அதிர்வைத் தடுக்கும். அதற்குக் கீழே அது அதிர்வைக் கூட்டிக்கொடுக்கும். எங்கே அதிர்ந்தாலும் பேடு போடு என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரே அசைவு, மூன்று எண்கள்

ஒரே அதிர்வை இடப்பெயர்ச்சியாகவும் சொல்லலாம், திசைவேகமாகவும் சொல்லலாம், முடுக்கமாகவும் சொல்லலாம். ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போக 2 × பை × அதிர்வெண்ணால் பெருக்க வேண்டும், திரும்பி வர வகுக்க வேண்டும். வேறொன்றும் இல்லை. ஆனால் அதிர்வெண் மாறும்போது இந்த மூன்றும் எவ்வளவு விலகிப் போகின்றன என்பதை ஒரு தடவை எண்களாகப் பார்த்துவிடுவது நல்லது. உச்சத் திசைவேகம் வினாடிக்கு 10 மி.மீ. என்று நிறுத்திக்கொள்வோம். 5 ஹெர்ட்ஸில் அது 0.32 மி.மீ. ஆட்டம், 0.03 ஜி முடுக்கம். 50 ஹெர்ட்ஸில் 32 மைக்ரான், 0.32 ஜி. 1000 ஹெர்ட்ஸுக்குப் போனால் ஆட்டம் 1.6 மைக்ரானாகச் சுருங்கிவிடும், முடுக்கமோ 6.4 ஜி.

இதனால்தான் மெதுவாக ஆடும் பெரிய விஷயங்களுக்கு, அதாவது பாலம், உயரமான கட்டடம், சுருள்வில் மேல் நிற்கும் மேடை போன்றவற்றுக்கு, இடப்பெயர்ச்சி வசதி. பற்சக்கரப் பல்லும் பேரிங் குண்டும் போடும் கீச்சுக்கு முடுக்கம் வசதி, அங்கே இடப்பெயர்ச்சியைத் தேடினால் கிடைக்காது. நடுவில் 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை, சுழலும் இயந்திரங்களின் பெரும்பாலான கோளாறுகள் இருக்கும் பகுதிக்கு, திசைவேகம். அதிர்வின் ஆற்றல் திசைவேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சேதத்துக்கும் அதற்கும் ஓரளவு நேரடித் தொடர்பு இருக்கிறது. தரநிலைகள் பெரும்பாலும் வினாடிக்கு இத்தனை மி.மீ. என்று பேசுவதன் காரணமும் இதுதான்.

அடுத்து ஒரு தொல்லை. 10 என்று ஒருவர் எழுதிவைத்திருந்தால் அது நடுவிலிருந்து உச்சம் வரையா, ஒரு உச்சத்திலிருந்து எதிர் உச்சம் வரையா, ஆர்எம்எஸ்ஸா (மதிப்புகளின் வர்க்கங்களைச் சராசரியாக்கி எடுத்த வர்க்கமூலம்)? சுத்தமான சைன் அலைக்கு உச்சம் 10 என்றால் உச்சத்துக்கு உச்சம் 20, ஆர்எம்எஸ் 7.07. வழக்கத்தில் இடப்பெயர்ச்சியை உச்சத்துக்கு உச்சமாகவும், திசைவேகத்தை ஆர்எம்எஸ் ஆகவும் (சில நாடுகளில் உச்சமாகவும்) சொல்கிறார்கள். இதில் இன்னொரு கோணலும் உண்டு: பல மீட்டர்கள் "பீக்" என்று காட்டுவது உண்மையில் அளந்த உச்சம் இல்லை, ஆர்எம்எஸ்ஸை 1.414-ஆல் பெருக்கிய எண். அலை சைன் மாதிரி இருந்தால் பரவாயில்லை. பேரிங் உடையும்போது வரும் கூரிய அடிகளுக்கு இந்தக் கணக்கு பொய்யாகிவிடும், நிஜ உச்சம் பல மடங்கு மேலே இருக்கும். புது மீட்டர் வாங்கினால் அதன் கையேட்டில் முதலில் தேட வேண்டிய விஷயம் இது.

கைப்பேசியில் முயன்று பார்ப்பது

கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி ஒரு சிலிக்கான் சில்லு. அதில் மெல்லிய சிலிக்கான் வில்களில் ஒரு நுண்ணிய நிறை தொங்குகிறது, அது நகரும்போது பக்கத்துத் தகடுகளோடு உள்ள மின்தேக்குத்திறன் மாறுகிறது, அதைத்தான் சில்லு அளக்கிறது. மேசைமேல் சும்மா வைத்தாலும் 9.8 மீ/வி² காட்டும், ஏனென்றால் புவியீர்ப்பையும் சேர்த்துத்தான் அது உணர்கிறது. இதில் ஒரு லாபம் இருக்கிறது: திரை மேலே இருக்கும்படி ஒருமுறை, கீழே இருக்கும்படி ஒருமுறை வைத்துப் பாருங்கள், +9.8-ம் −9.8-ம் வந்தால் அந்த அச்சு சரியாக இருக்கிறது. இரண்டும் சமமாக இல்லாவிட்டால் எவ்வளவு விலகல் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

செயலிக்கு, ஜெர்மனியின் ஆஹன் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் இலவசம், நன்றாகவும் இருக்கிறது. முடுக்கத்தையும் அதன் ஸ்பெக்ட்ரத்தையும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் படம்) அதிலேயே பார்க்கலாம். கைப்பேசியின் உறையைக் கழற்றிவிடுங்கள், மெத்தென்ற உறை ஒரு ரப்பர் பேடு மாதிரிதான் வேலை செய்யும். வாஷிங் மெஷின் மேல் தட்டையாக வைத்து, இருபக்க ஒட்டு நாடாவால் ஒட்டுங்கள். கையால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள், உங்கள் கையும் சேர்ந்து ஆடும். ஆனால் பலமாக உலுக்கும் இயந்திரத்தில் கைப்பேசியை நெடுநேரம் ஒட்டிவைக்கவும் வேண்டாம், கேமரா லென்ஸை நிலைப்படுத்தும் நுட்பமான பாகங்கள் தொடர்ந்த அதிர்வில் கெட்டுப்போகலாம்.

பிழியும் வேகம் நிலைத்ததும் பதிவை ஓடவிட்டு ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். 1200 சுற்று என்றால் 60-ஆல் வகுத்து 20 ஹெர்ட்ஸ், அங்கே ஒரு கோடு எழுந்து நிற்க வேண்டும். அதன் உயரம் 1.5 மீ/வி² என்றால், 2 × பை × 20, அதாவது 125.7-ஆல் வகுத்தால் வினாடிக்கு 12 மி.மீ. ஆயிற்று, நீங்கள் திசைவேகத்தை அளந்துவிட்டீர்கள். எந்த அச்சில் கோடு பெரிதாக இருக்கிறது என்றும் பாருங்கள். பக்கவாட்டிலும் செங்குத்திலும் விறைப்பு வேறு வேறு என்பதால் எண்கள் அநேகமாகச் சமமாக இருக்காது.

கைப்பேசியின் எல்லை எங்கே என்றால், அது வினாடிக்கு எத்தனை மாதிரி எடுக்கிறது என்பதில். பலவற்றில் 100 முதல் 400 வரைதான். மாதிரி வேகத்தில் பாதிக்குக் கீழே உள்ள அதிர்வெண்களை மட்டும்தான் நம்பலாம். அதற்கு மேலே உள்ளது காணாமல் போனால்கூடப் பரவாயில்லை, அது வேறு வேஷத்தில் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும். வினாடிக்கு 100 மாதிரி எடுக்கும்போது 98.7 ஹெர்ட்ஸ் அதிர்வு இருந்தால் ஸ்பெக்ட்ரத்தில் 1.3 ஹெர்ட்ஸில் ஒரு கோடு வரும், கட்டடமே மெல்ல ஆடுகிறது என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். தொழில்முறைக் கருவிகள் மாதிரி எடுப்பதற்கு முன்பே மேல் அதிர்வெண்களை வடிகட்டிவிடும், அதோடு விரும்பிய உச்ச அதிர்வெண்ணைப் போல 2.56 மடங்கு வேகத்தில் மாதிரி எடுக்கும். கைப்பேசியில் அந்த வடிகட்டியை முழுக்க நம்ப முடியாது. ஆகவே 40 ஹெர்ட்ஸ் வரை சந்தோஷமாக அளங்கள், மேலே போனால் சந்தேகப்படுங்கள்.

நிஜமான சென்சாரும் அதை ஒட்டும் கலையும்

தொழிற்சாலைகளில் அதிகம் புழங்குவது அழுத்தமின் முடுக்கமானி. சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் எழும் என்று 1880-ல் பியர் கியூரியும் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டார்கள். சென்சாருக்குள் ஒரு சிறு நிறை அந்தப் படிகத்தை அழுத்தியபடி உட்கார்ந்திருக்கிறது, அதிர்வில் அந்த அழுத்தம் கூடிக் குறைகிறது. பொதுவான வகை 1 ஜிக்கு 100 மில்லிவோல்ட் தரும். இது நிலையான முடுக்கத்தைக் காட்டாது, கவிழ்த்து வைத்தால் கைப்பேசி மாதிரி எண் மாறி நிற்காது. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பெரிய டர்பைன் ஷாஃப்டுகளுக்கு இது போதாது, ஷாஃப்ட் உள்ளே ஆடுவது வெளிக்கூட்டுக்கு முழுசாக வந்து சேராது. அங்கே ஷாஃப்டைத் தொடாமல் இடைவெளியை அளக்கும் சுழல்மின்னோட்ட ப்ரோப் வைப்பார்கள். நிலத்தின் அதிர்வுக்கு, காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட ஜியோஃபோன், அது நேரடியாகத் திசைவேகத்தைத் தரும். தொடவே முடியாத, அல்லது சென்சாரின் எடையாலேயே குணம் மாறிவிடும் லேசான பொருளுக்கு லேசர்.

எந்தச் சென்சார் என்பதைவிட அதை எப்படிப் பொருத்துகிறீர்கள் என்பதுதான் எண்ணை அதிகம் மாற்றும். பொருத்திய இடத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் உள்ளதும் ஒரு சுருள்வில்தான், அதற்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அந்த அதிர்வெண்ணில் மூன்றில் ஒரு பங்கு வரை அளந்தால் பிழை 12 சதவீதத்துக்குள் அடங்கும், அதற்கு மேலே போகப் போக சென்சார் தன் சொந்த ஆட்டத்தையே அளக்கும். மட்டமான முகத்தில் திருகி இறுக்கினால் 10 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குப் போகலாம். நல்ல காந்தத்தில் 2 கிலோஹெர்ட்ஸ் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி முனையைக் கையால் அழுத்திப் பிடித்தால் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் எண்ணை நம்பாதீர்கள், பிடிக்கிற ஆள் மாறினால் எண்ணும் மாறும்.

காந்தத்தில் வைக்கும்போது பெயின்ட் உரிந்து தொங்கும் இடமா, துரு ஏறிய இடமா என்று பார்த்து, சுரண்டிச் சுத்தம் செய்து, மெல்லிசாக ஒரு பூச்சு கிரீஸ் தடவுங்கள். காந்தத்தை நேராகக் கொண்டுபோய் "டக்" என்று விடாதீர்கள். அந்த அடி சென்சாருக்கு நூற்றுக்கணக்கான ஜியைத் தாண்டும் அதிர்ச்சி. ஒரு விளிம்பை முதலில் தொட வைத்து, மெல்லச் சாய்த்து உட்கார வையுங்கள். கேபிள் தொங்கி ஆடினால் அதுவும் இரைச்சலாகப் பதிவாகும், பக்கத்தில் எங்காவது ஒட்டிவிடுங்கள்.

இடம்: பேரிங் கூடு, ஷாஃப்டின் மையத்துக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே. விசிறியை மூடியிருக்கும் தகட்டின் மேல் வைத்தால் தகட்டின் படபடப்புதான் வரும். ஒவ்வொரு பேரிங்கிலும் கிடைமட்டம், செங்குத்து, ஷாஃப்ட் போகும் திசை என்று மூன்று பதிவு. வைத்த இடத்தைப் பெயின்ட் பேனாவால் வட்டமிட்டு வைத்துவிடுங்கள், அடுத்த மாதம் 5 செ.மீ. தள்ளி வைத்துவிட்டு "கூடிவிட்டது" என்று பயப்பட வேண்டியிருக்காது. மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பதிவும் எடுங்கள். பக்கத்து மெஷின் தரை வழியாக எவ்வளவு அனுப்புகிறது என்று அதில் தெரியும்.

எவ்வளவு நேரம் பதிவு செய்வது

நேரத்தில் வரும் அலையை அதிர்வெண் வாரியாகப் பிரிப்பது ஃபூரியே பகுப்பு. அதைக் கணினியில் வேகமாகச் செய்யும் எஃப்எஃப்டி முறையை கூலியும் டூக்கியும் 1965-ல் வெளியிட்ட பிறகுதான் இது அன்றாட வேலையானது. பயனர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டு கோடுகளைப் பிரித்துப் பார்க்கும் திறன், ஒரு பதிவின் நீளத்தை வைத்து 1-ஐ வகுத்தால் கிடைக்கும் எண். 0.4 வினாடி பதிவு செய்தால் 2.5 ஹெர்ட்ஸ். 5 வினாடி என்றால் 0.2 ஹெர்ட்ஸ்.

இது எங்கே கடிக்கும் என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் இரு-துருவ மோட்டார், நிமிடத்துக்கு 2980 சுற்று, அதாவது 49.67 ஹெர்ட்ஸ். கப்ளிங் அலைன்மென்ட் (இணைத்த இரண்டு ஷாஃப்டும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பது) சரியில்லை என்றால் அதன் இரண்டு மடங்கில், 99.33-ல், கோடு எழும். மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரில் மின்கோளாறு என்றால் மின் அதிர்வெண்ணின் இரண்டு மடங்கில், சரியாக 100-ல், எழும். இடைவெளி 0.67 ஹெர்ட்ஸ்தான். 0.4 வினாடிப் பதிவில் இரண்டும் ஒரே குவியலாகத் தெரியும், ஒருவர் அலைன்மென்ட் பார்க்கப் போவார், இன்னொருவர் மோட்டாரைக் கழற்றச் சொல்வார். பதிவின் இரு முனைகளையும் மெல்லத் தணிக்கும் ஜன்னல் செயற்பாட்டை ஹானிங் என்ற வகையில் வைத்தால் கோடுகள் இன்னும் கொஞ்சம் தடிக்கும் என்பதால், 8 அல்லது 10 வினாடியாக எடுத்துவிடுவது பாதுகாப்பு. கருவியில் அந்த வசதி இல்லையா, பதிவு ஓடும்போதே மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். மின்னால் வந்த கோடு அந்தக் கணமே காணாமல் போகும், இயந்திரத்தால் வந்தது வேகம் குறையக் குறையத்தான் இறங்கும்.

கோடுகளைப் படிப்பது

சுழற்சி அதிர்வெண்ணில் மட்டும் ஒரே ஒரு பெரிய கோடு என்றால் முதலில் பேலன்ஸைச் சந்தேகிக்கலாம். 10 கிராம் அதிகப்படி எடை, மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி, 3000 சுற்றில் ஏறக்குறைய 100 நியூட்டன் விசை தரும், ஆகவே விசிறி இறக்கையில் ஒட்டிய அழுக்கே போதும். இரண்டாம் மடங்கும் ஷாஃப்ட் திசையில் அதிர்வும் சேர்ந்து கூடினால் அலைன்மென்ட். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மடங்குகள் வரிசையாக நின்றால் ஏதோ தளர்ந்திருக்கிறது, ஸ்பெக்ட்ரத்தை மூடிவிட்டு ஸ்பேனரை எடுங்கள். இரைச்சல் சில வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு மெஷின்கள் பக்கத்தில் இருக்கின்றன, 24.5-ம் 24.8-ம் சேர்ந்தால் 3.3 வினாடிக்கு ஒரு ஏற்றம்.

பேரிங் கோடுகள் வேறு ரகம், முழு மடங்குகளில் வராது. 9 குண்டுள்ள 6205 பேரிங்கில், வெளிவளையத்தில் பள்ளம் விழுந்தால் சுழற்சியைப் போல 3.58 மடங்கிலும், உள்வளையத்தில் விழுந்தால் 5.42 மடங்கிலும் அடி விழும். தயாரிப்பாளரைப் பொறுத்துக் கொஞ்சம் மாறலாம். இரண்டையும் கூட்டினால் 9, குண்டுகளின் எண்ணிக்கை. எந்தப் பேரிங்குக்கும் இந்தக் கூட்டல் பொருந்தும். விவரத்தாள் கைவசம் இல்லாவிட்டால் குண்டுகளின் எண்ணிக்கையை 0.4-ஆலும் 0.6-ஆலும் பெருக்கி அந்தப் பக்கத்தில் தேடுங்கள். ஆரம்பக் கட்டப் பேரிங் கோளாறு திசைவேக எண்ணில் தெரியாது, முடுக்கத்தின் உயர் அதிர்வெண்களில்தான் தலைகாட்டும். "திசைவேகம் நன்றாக இருக்கிறது, ஆனால் சத்தம் வருகிறது" என்றால் சத்தத்தை நம்புங்கள்.

எவ்வளவு வரை சரி என்பதற்கு ஐஎஸ்ஓ 10816-ன் முதல் பகுதியில் வந்த பழைய அட்டவணை இன்னும் எல்லோர் சுவரிலும் தொங்குகிறது, இப்போது அந்த வரிசை ஐஎஸ்ஓ 20816 ஆக மாறிவருகிறது. 15 கிலோவாட் வரையுள்ள சிறு மோட்டார்களுக்கு, திசைவேக ஆர்எம்எஸ் 0.71 மி.மீ/வி வரை புதுசு மாதிரி, 1.8 வரை தொடர்ந்து ஓட்டலாம், 4.5 வரை சீக்கிரம் கவனிக்க வேண்டும், அதற்கு மேலே ஆபத்து. 15 முதல் 75 கிலோவாட் வரை இதே எல்லைகள் 1.12, 2.8, 7.1. என்னைக் கேட்டால் அட்டவணையைவிட அந்த மெஷினின் பழைய எண்தான் முக்கியம். ஒரு வருஷமாக 2.5-ல் அசையாமல் நிற்கும் மெஷினைவிட, 0.6-லிருந்து 1.5-க்கு ஏறியதுதான் எனக்குக் கவலை தரும், இரண்டாவது இன்னும் எல்லைக்குள் இருந்தாலும் சரி.

பேலன்ஸ் செய்தும் அலைன்மென்ட் பார்த்தும் சுழற்சிக் கோடு இறங்கவில்லை என்றால் அடித்தளம் ஒத்ததிர்வில் இருக்கலாம். மெஷினை நிறுத்தி, சென்சாரை ஒட்டி, ரப்பர் அல்லது மரச் சுத்தியலால் சட்டத்தை ஒரு தட்டு தட்டிப் பதிவு செய்யுங்கள். ஸ்பெக்ட்ரத்தில் எழும் மேடு அதன் இயல்பு அதிர்வெண். அது ஓடும் வேகத்துக்கு 10, 15 சதவீதத்துக்குள் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அதை 20 சதவீதம் மேலே தள்ள விறைப்பை 44 சதவீதம் கூட்ட வேண்டும், ஒரு சின்ன முட்டுக் கம்பி போதாது, குறுக்குச் சட்டமே தேவைப்படலாம். வேகத்தை மாற்ற முடிகிற மெஷின் என்றால் அதுதான் மலிவான வழி.

கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்க்க, கையடக்க அளவீட்டுச் சோதனைக் கருவிகள் 159.15 ஹெர்ட்ஸில் அதிரும். ஏன் இப்படி ஒரு கோணல் எண் என்றால், 2 × பை × 159.15 சரியாக 1000. ஆகவே சோதனைக் கருவி 10 மீ/வி² ஆர்எம்எஸ் தந்தால், உங்கள் மீட்டர் திசைவேகத்தில் 10 மி.மீ/வி, இடப்பெயர்ச்சியில் 10 மைக்ரான் என்று ஆர்எம்எஸ்ஸில் காட்ட வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் தவறினால் சென்சார் கெடவில்லை, மீட்டரின் அமைப்பில் அலகோ வடிகட்டியோ மாறியிருக்கிறது. மூன்றும் ஒரே விகிதத்தில் தவறினால் சென்சாரின் உணர்திறன் எண்ணைத் தப்பாகப் பதிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அது சரியாக இருந்தால் சென்சாரை அளவுத்திருத்தத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.